கையால் சேர்த்த ரவுட் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: லினக்ஸ் ரவுட்டரில் எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருள் போட்டு ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் முறை) ஓட்டுகிறேன். கிளை அலுவலக நெட்வொர்க் 10.20.0.0/16-க்கு ஈத்1 இன்டர்ஃபேஸ் வழியாக 192.168.5.1 மூலம் ரவுட் வருகிறது. அது போனால் உதவட்டும் என்று, ஓஎஸ்பிஎஃப் ஓடாத ஈத்2-வில் 192.168.6.1-ஐக் காட்டி ‘ஐபி ரவுட் ஆட்’ கொடுத்தேன். உடனே மொத்த டிராஃபிக்கும் அந்த மெதுவான லைனுக்குப் போய்விட்டது. ஈத்2-வை டவுன் செய்து அப் செய்தால் ரவுட்டையே காணோம். ஏன்?

பதில்: டீமனிடம் (பின்னணியில் ஓடும் எஃப்ஆர்ஆர் புரோகிராம்) சொல்ல வேண்டியதை நேரே கெர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதி) சொல்லிவிட்டீர்கள். இரண்டு தொல்லைக்கும் அதுதான் மூலம்.

பாக்கெட்டை அனுப்பும்போது கெர்னல் தன் ரவுட் டேபிளைத்தான் பார்க்கிறது. அந்த டேபிளை நிரப்பும் கணக்குப்பிள்ளை, எஃப்ஆர்ஆரின் ஜீப்ரா டீமன். ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற ரவுட்டிங் முறைகளின் டீமன்கள் தாங்கள் கண்டுபிடித்த வழிகளை அதனிடம் ஒப்படைக்கும். ஒரே நெட்வொர்க்குக்குப் பல வழிகள் வந்தால் டிஸ்டன்ஸ் (எந்த மூலத்தை முதலில் நம்புவது என்று காட்டும் எண்) குறைந்தது ஜெயிக்கும்: ஸ்டேட்டிக் 1, வெளி பிஜிபி 20, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. ஜெயித்ததை ஜீப்ரா, நெட்லிங்க் (கெர்னலோடு பேசும் வழி) மூலம் கெர்னலில் ஏற்றும். ‘ஐபி ரவுட் ஷோ’ கொடுத்தால் ஓஎஸ்பிஎஃப் தந்த ரவுட்டின் வரியின் கடைசியில் ‘புரோட்டோ ஓஎஸ்பிஎஃப் மெட்ரிக் 20’ என்றிருக்கும். நீங்கள் சேர்த்த வரியில் புரோட்டோவே இருக்காது. அதன் மெட்ரிக் 0. கெர்னலுக்குச் சிறிய மெட்ரிக்தான் உசத்தி. ஜீப்ராவும் அதைக் கெர்னல் ரவுட் என்று குறித்து டிஸ்டன்ஸ் 0 கொடுத்துவிடும். உதவிக்கு வைத்த வழி முதலாளியானது இப்படித்தான்.

இன்டர்ஃபேஸ் டவுன் ஆனதும் அதன் வழியிலுள்ள ஐபிவி4 ரவுட்களைக் கெர்னல் துடைத்துவிடும். மறுபடி அப் ஆனதும் நேரடி இணைப்புக்கான ரவுட் தானாக வரும். டீமன் தன்னுடையவற்றைத் திரும்ப எழுதிக்கொள்ளும். உங்களுடையதை எழுத ஆளில்லை.

கையால் போட்ட வரி இன்னும் இருந்தால் முதலில் ‘ஐபி ரவுட் டெல்’ கொடுத்து நீக்குங்கள். பிறகு விடிஒய்எஸ்எச்-க்குள் (எஃப்ஆர்ஆரின் கமாண்ட் ஷெல்) ‘கான்ஃபிகர் டெர்மினல்’ போய் இதைக் கொடுங்கள்: ‘ஐபி ரவுட் 10.20.0.0/16 192.168.6.1 200’. கடைசியிலுள்ள 200-தான் உயிர். அதை விட்டுவிட்டால் டிஸ்டன்ஸ் 1 ஆகி, பழைய கதையே திரும்பும். கான்ஃபிகர் நிலையை விட்டு வெளியே வந்து, விடிஒய்எஸ்எச்-க்குள்ளேயே ‘ரைட் மெமரி’ கொடுக்காவிட்டால் ரீபூட்டில் போய்விடும். கிளைப் பக்க ரவுட்டரிலும் திரும்பி வர இதேபோல் ஒரு ரவுட் வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

சிஸ்டம்டி-நெட்வொர்க்டி (லினக்ஸில் நெட்வொர்க்கை நிர்வகிக்கும் சேவை) ஓடும் மெஷின் என்றால் இன்னொன்று. அது ரீஸ்டார்ட் ஆகும்போது, தான் வைக்காத ரவுட்களையும் அழிக்கக்கூடும். நெட்வொர்க்டி கான்ஃபிக் ஃபைலில் ‘மேனேஜ்ஃபாரின்ரவுட்ஸ்’ என்பதை ‘நோ’ ஆக்கிவிடுங்கள்.

சோதிக்கும்போது ஈத்1 கேபிளை மட்டும் பிடுங்கிப் பார்த்தால் போதாது. அப்போது லிங்க் போனது உடனே தெரிந்து, ரவுட் சட்டென்று மாறிவிடும். நடுவில் ஸ்விட்ச் இருந்தால், அதற்கு அந்தப் பக்கத்துக் கேபிளையும் ஒருமுறை பிடுங்குங்கள். ஈத்1 அப்பாகவே இருக்கும். ஓஎஸ்பிஎஃப்-இன் ஹலோ (‘இருக்கிறேன்’ என்று சொல்லும் இடைவெளி) 10 நொடி, டெட் (ஹலோ வராமல் காத்திருக்கும் நேரம்) 40 நொடி என்ற வழக்கமான அளவில், மாற்றம் நிகழ 40 நொடி வரை ஆகும்.