இன்ஜினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: தொண்டியில் மீன் ஏற்றும் பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறேன், 2009 மாடல். இன்ஜின் புகை தள்ளுகிறது, மூன்றாவது கியர் நழுவுகிறது. மதுரையில் ஒருவர், விபத்தில் அடிபட்ட வண்டியின் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். "ஒரே சிசிதான், தூக்கி வைத்தால் ஓடும்" என்கிறார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். இன்ஜின் மாற்றுவது இதுதான் முதல் தடவை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் நல்லது. இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள். மீன் பெட்டியில் ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் சேஸிஸின், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின், மேல்தான் விழுகிறது. அது சட்டத்துக்கு உள்ளே இறங்கித் தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். சின்னச் சுத்தியலை எடுத்து நாலு விரற்கடைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இடம் பொத்தென்று அமுங்கும், துரு அப்பளம் அப்பளமாக உதிரும். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தையும், இன்ஜின் உட்காரும் குறுக்குச் சட்டத்தையும் இரண்டு தடவை தட்டுங்கள். ஏர்வாடிப் பக்கத்து வண்டி ஒன்றுக்கு ஆசையாக இன்ஜின் மாற்றினார்கள். நாலே மாதத்தில் அந்தக் குறுக்குச் சட்டம் கிழிந்து இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சேஸிஸ் பொத்தென்றால் இன்ஜின் பேச்சையே விடுங்கள், அந்தப் பணம் அடுத்த வண்டிக்கு ஆகும்.

சேஸிஸ் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அந்த 'ஒரே சிசி' கதை. சிசி என்பது இன்ஜினின் கொள்ளளவு மட்டும்தான். உங்கள் வண்டியில் இருப்பது, பம்ப் மட்டுமே டீசலை அளந்து தள்ளும் பழைய இன்ஜின். பின்னால் வந்த காமன் ரெயில் இன்ஜினும் அதே 2523 சிசிதான். ஆனால் அது கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு ஓடுவது. அதற்கென்று தனி வயரிங், சென்சார்கள், ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாம் வேண்டும். நம் கடற்காற்றில் பழைய வயரிங்கின் பின்கள் பச்சை பூத்து நிற்கும். அதை ஒட்டுப்போட்டு ஓட்டினால் வாரம் ஒரு நாள் நடுரோட்டில் நிற்பீர்கள். அதனால் உங்கள் வண்டியில் உள்ள அதே வகை இன்ஜினைத்தான் வாங்க வேண்டும். சட்டமும் அந்தப் பக்கம்தான். கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2019-இல் சொல்லிவிட்டது. அதே வகை இன்ஜின் என்றாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கி, மாற்றிய 14 நாட்களுக்குள் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) புது எண்ணை ஏற்றக் கொடுக்க வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இன்சூரன்ஸுக்கும் தெரிவியுங்கள்.

இந்த இடத்தில்தான் புரோக்கர் நுழைவார். "எதுக்கு அலையறீங்க, நம்பரை ராவிட்டு உங்க நம்பரையே பஞ்ச் அடிச்சுத் தர்றேன்" என்பார். தயவுசெய்து தலையாட்டாதீர்கள். எண்ணை ராவிய இன்ஜின் திருட்டு இன்ஜினாகத்தான் பார்க்கப்படும். எப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வண்டியைக் காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் விரலால் தடவினாலே தெரிந்துவிடும். வழக்கு உங்கள் பேரில் வரும், புரோக்கரின் போன் அணைந்திருக்கும். விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: இன்ஜின் எண் எழுதிய பில், அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகல், விற்பவரின் அடையாள அட்டை நகல். எண்ணை வாங்கி, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

புரோக்கர் இப்படிக் கொழிப்பதற்கு அலுவலகங்களும் காரணம். எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். பதிந்துவிட்டுப் போனால் ஓர் அலுவலகத்தில், "வெளியில உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட கொடுத்து எழுதிட்டு வாங்க" என்று என்னையே அனுப்பினார்கள். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் கூலி போகும் மனிதனை மூன்று நாள் அலையவிட்டால் அவன் குறுக்கு வழிக்குத்தானே போவான்? எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

ஆர்.சி.யில் எண் மாற்றும் வேலைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். இன்ஜின் எண், பிஸ்டன்கள் ஓடும் அடிப்பாகமான பிளாக்கில்தான் அடிக்கப்பட்டிருக்கும். உங்கள் பிளாக்கை வைத்துக்கொண்டு ஹெட், கிராங்க், பிஸ்டன், பம்ப் என்று எதை மாற்றினாலும் எண் மாறாது, ஆர்.சி.யில் வேலை இல்லை. கியர் பாக்ஸுக்கும் அப்படியே, அதன் எண் ஆர்.சி.யில் கிடையாது. ஆனால் 'பாதி இன்ஜின்' என்று வெறும் பிளாக்கை மட்டும் வாங்கி, மற்றதெல்லாம் உங்கள் பழைய சாமானாகவே போட்டாலும், அது இன்ஜின் மாற்றியதாகத்தான் கணக்கு. அதனால் முதலில் உங்கள் இன்ஜினைப் பிரித்து பிளாக்கைப் பாருங்கள். விரிசல் இல்லாமல் போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளை, மட்டும் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சரிசெய்யலாம். மதுரைக்காரரே தேவைப்பட மாட்டார்.

கியர் பாக்ஸ் வாங்குவதானால் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, தூளாக இரும்பு வந்தால் பல் போயிருக்கிறது. உங்கள் கிளட்ச் பிளேட்டைக் கையோடு கொண்டுபோய் அதன் ஷாஃப்டில் நுழைத்துப் பாருங்கள். இன்ஜின் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல், எர்த் வயர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இதில் மிச்சம் பிடித்தால் கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டி வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வேலைக்கு 61 நாள் கிடைக்கும். ஆனால் அப்போது மண்டபம், பாம்பன் வண்டிகளெல்லாம் பட்டறைக்கு வந்துவிடும். அனுமதி விண்ணப்பத்தை மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள். எப்.சி. முடியும் தேதியையும் பார்த்து வையுங்கள். அது மே மாதத்தில் வந்தால், ஆர்.சி.யில் புது எண் ஏறிய பிறகே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.