செக்கு லைசென்ஸுக்கு யார் கையெழுத்து?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளம் பக்கம் எங்கள் தோப்பிலேயே மோட்டார் வைத்து எண்ணெய்ச் செக்கு போடப் போகிறேன். வார்டு மெம்பர் ‘கமிட்டியில் வைக்கணும்’ என்கிறார். பஞ்சாயத்து ஆபீஸில் ‘செக்ரட்டரி கையெழுத்துதான்’ என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 1994-ஆம் வருடத்துக் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 232-ஆம் பிரிவுப்படி தொழில் லைசென்ஸ் தருபவர் செக்ரட்டரி. மோட்டார், இயந்திரம் வைப்பதற்கு 233 என்று தனிப் பிரிவு. அதை ஆரம்பத்தில் பஞ்சாயத்தின் அனுமதி என்றுதான் எழுதினார்கள். மெம்பர் பேசுவது அந்தப் பழக்கத்தில்.

என்னைக் கேட்டால், கையெழுத்து அதிகாரியிடம் இருப்பதுதான் நல்லது. செக்ரட்டரி மறுத்தால் 30 நாளுக்குள் பஞ்சாயத்திடமே அப்பீல் போகலாம், அப்புறம் திருவனந்தபுரத்தில் உள்ளாட்சித் தீர்ப்பாயம் இருக்கிறது. முதலிலேயே கமிட்டி முடிவு சொல்லிவிட்டால், உள்ளூரில் முறையிட ஒரு படி குறைந்துபோகும். பக்கத்துத் தோட்டக்காரரோடு உங்களுக்கு வரப்புத் தகராறு இருந்து, அவர் மெம்பருக்கு மச்சான் முறையாகவும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மனு கொடுத்ததும் தேதி போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்கிறது 236-ஆம் பிரிவு. ரசீது இல்லாமல் அந்த 30 நாளை எங்கிருந்து எண்ணுவது?

இன்னொரு வழியும் உண்டு. கேரளத்தின் 2019 சிறுதொழில் சட்டப்படி கே-ஸ்விஃப்ட் என்ற மாநில அரசின் இணையதளத்தில் நீங்களே உறுதிமொழி கொடுத்தால், மாவட்டக் கலெக்டர் தலைமையிலான போர்டு ஒப்புகைச் சான்று தரும். அதை வைத்து மூன்று வருடம் செக்கு ஓட்டலாம். அது முடிந்த ஆறு மாதத்துக்குள் மற்ற அனுமதிகளை வாங்கிவிட வேண்டும். இடம் நெல்வயலாகப் பதிவாகியிருந்தால் இந்த வழி அடைபடும், முதலில் அதைப் பாருங்கள்.

எண்ணெய் உணவுப் பொருள் என்பதால் 2006 மத்தியச் சட்டப்படி உணவுப் பாதுகாப்பு லைசென்ஸோ பதிவோ தனி. ஒரு நாளைக்கு 2 டன்னுக்கு மேல் ஆட்டும் திறன் இருந்தால் மத்திய லைசென்ஸ். தோப்புச் செக்கு அவ்வளவு ஆட்டாது, மாநில அதிகாரியே போதும்.

மலையாளத்தில் எழுத வராவிட்டாலும் தயங்க வேண்டாம். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியில் மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969 ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது.