தளத்துக்கு ஆள் வருகிறார்கள், வாடிக்கையாளர் ஆவதில்லை: கேள்வி பதில்

சிறு தொழில்களுக்கு இணையதளம் வடிவமைத்துத் தருவது என் வேலை. வந்தவர் விசாரிக்காமல், வாங்காமல் ஏன் திரும்பிப் போகிறார் என்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். கூகுளில் முதலிடம் பிடிப்பது, விளம்பரம் கொடுப்பது எல்லாம் என் துறை இல்லை. அவற்றை அந்தத் துறைக்காரர்களிடம் கேட்பதே நல்லது.

நீர்க்கசிவு அடைக்கும் வேலை செய்பவர்: தளம் அழகாக இருக்கிறது, தினமும் ஆள் வருகிறார்கள். ஒருவரும் கூப்பிடுவதில்லை. எங்கே குறை?

உங்கள் முகப்பைத் திறந்து பார்த்தேன். முதல் வரி, “தரமே எங்கள் தாரக மந்திரம்”. அதற்குக் கீழே கைகுலுக்கும் இருவரின் படம். மாடி ஒழுகுகிறதே என்று பதறி வந்தவருக்கு அந்த நிமிடத்தில் தெரிய வேண்டியது மூன்று: இவர்கள் என் வேலையைச் செய்வார்களா, என் பகுதிக்கு வருவார்களா, எப்போது வருவார்கள்? ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த வரியை எந்தத் தொழிலின் தளத்தில் ஒட்டினாலும் பொருந்தும். அதனால்தான் படிப்பவர் மனதில் அது நிற்பதில்லை.

இப்படி மாற்றுங்கள்: “மாடி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் நீர்க்கசிவை அடைத்துத் தருகிறோம். இரண்டு நாளில் நேரில் வந்து பார்த்து மதிப்பீடு சொல்வோம்.” இரண்டு நாளில் போக முடியும் என்றால் மட்டும் அப்படி எழுதுங்கள். அடுத்த வரியில் எந்தெந்தப் பகுதிகளுக்குப் போவீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கைகுலுக்கும் படத்தை எடுத்துவிட்டு, நீங்கள் வேலை பார்த்த ஒரு மாடியின் படத்தை, வேலைக்கு முன்பும் பின்பும், ஒரே கோணத்தில் எடுத்துப் போடுங்கள். கைபேசியில் எடுத்ததே போதும்.

அப்புறம், உங்கள் தொலைபேசி எண் படத்துக்குள் பொறித்திருக்கிறது. அதைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. எண்ணை மனப்பாடம் செய்து டயல் செய்யும் பொறுமை, வீடு ஒழுகும்போது யாருக்கும் இருக்காது. எண்ணை எழுத்தாகப் போட்டு, தொட்டதும் அழைப்பு போகும்படி இணைப்புக் கொடுங்கள். எல்லாப் பக்கத்தின் மேலேயும் அது இருக்கட்டும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: டொமைன், அதாவது உங்கள் தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிந்திருந்தால், நாளைக்கு அவரோடு மனக்கசப்பு வந்தால் முகவரியும் போகும், அதில் இயங்கும் மின்னஞ்சலும் போகும்.

துணி விற்பவர்: வாங்கும் பட்டன் சிவப்பில் இருக்க வேண்டுமா, பச்சையிலா?

எந்த நிறமும் சரி. பக்கத்தில் வேறெதற்கும் அந்த நிறத்தைப் பயன்படுத்தாதீர்கள், அவ்வளவுதான். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டுதல். வெளிர் சாம்பல் எழுத்து வெயிலில் யாருக்கும் தெரியாது. பட்டன் விரலுக்கு அடங்கும் அளவில் இருக்கட்டும். திரையை அளக்கும் அவரவர் அலகில் ஆப்பிள் 44 புள்ளி என்கிறது, ஆண்ட்ராய்டு 48 என்கிறது.

பயிற்சி வகுப்பு நடத்துபவர்: விசாரணைப் படிவத்தைப் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

பதினொரு கட்டம் இருக்கிறது. பிறந்த தேதி, முழு முகவரி, எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்... இவை எல்லாம் உங்களுக்குத் தேவையானவை. கேட்பவருக்கு வகுப்பு எப்போது, இடம் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும். பெயர், எண், எந்த வகுப்பு என்ற மூன்றோடு நிறுத்துங்கள். மற்றதைப் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம். எண் கேட்கும் கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும், இதை வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள். தப்பாக நிரப்பினால் எந்தக் கட்டத்தில் என்ன தப்பு என்று அதன் அருகிலேயே சொல்ல வேண்டும், மற்ற கட்டங்களில் எழுதியது அழியக் கூடாது. “சமர்ப்பி” என்ற பட்டனை “வகுப்பு விவரம் அனுப்புங்கள்” என்று மாற்றுங்கள்.

பயண ஏற்பாட்டாளர்: முகப்பில் ஐந்து படம் மாறி மாறி ஓடுகிறது. நல்லதுதானே?

எடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத் தளத்தில் இப்படி ஓடும் படங்களை அளந்து 2013இல் வெளியிட்டார்கள். வந்தவர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவர்தான் அவற்றைத் தொட்டிருந்தார், அதிலும் மிகப் பெரும்பாலோர் தொட்டது முதல் படத்தை. ஐந்தில் எது முக்கியம் என்று உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்த முடிவைத் தள்ளிப்போடத்தான் பலரும் ஐந்தையும் ஓடவிடுகிறார்கள்.

மரச்சாமான் செய்பவர்: வேர்ட்பிரஸ் நல்லதா, விக்ஸ் நல்லதா?

இரண்டும் தளம் உருவாக்கும் கருவிகள். தளத்தை நீங்களே திருத்தப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு எது எளிதோ அது. வருபவருக்கு இரண்டும் ஒன்றுதான். டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

உங்கள் தளத்தில் உண்மையான சிக்கல் படங்கள். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள், 6,000 பிக்சல் அகலம். கைபேசிக்கு 1,200 பிக்சல் தாராளம். வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் இன்னும் சுருங்கும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்கிறது கூகுள். ஒரு நுணுக்கம்: கீழே உள்ள படங்களை, பார்ப்பவர் அங்கே நெருங்கும்போது மட்டும் தாமதமாக ஏற்றுவது நல்ல பழக்கம், ஆனால் உங்கள் தளத்தில் மேலே இருக்கும் முதல் படத்துக்கும் அதைப் போட்டுவிட்டார்கள். முதலில் தெரிய வேண்டியதே கடைசியில் வருகிறது. படங்களின் அகல, உயரத்தையும் குறிப்பிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது பக்கம் குதித்து, விரல் வேறு எதையோ தொட்டுவிடும்.

அச்சகம் நடத்துபவர்: வேர்ட்பிரஸ்ஸா, ஷாப்பிஃபையா?

மேலே சொன்னதே. பொருள் விற்றுப் பணம் வாங்குவதானால், இணையக் கடைக்கென்றே உள்ள ஷாப்பிஃபை வேலையைக் குறைக்கும்.

உள் அலங்கார வேலை செய்பவர்: விலையைத் தளத்தில் போடலாமா? ஒவ்வொரு வேலையும் வேறு. போட்டியாளரும் பார்த்துவிடுவார்.

போடுங்கள். போட்டியாளருக்கு உங்கள் விலை வேண்டுமென்றால் ஒரு போன் போதும். தெரியாமல் தவிப்பவர் வாடிக்கையாளர்தான்.

மொழிபெயர்ப்பாளர்: மன்னிக்கவும், நான் ஏற்கமாட்டேன். விலை போட்டபோது எனக்கு விசாரணை பாதியாகக் குறைந்தது. எடுத்ததும் மறுபடி போன் வந்தது.

குறைந்தது விசாரணையா, வேலையா?

மொழிபெயர்ப்பாளர்: வேலை ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் பேசினால் தயங்குபவரையும் சம்மதிக்க வைக்க முடிகிறது. விலையைப் பார்த்து ஓடிவிட்டால் பேசவே வாய்ப்பில்லையே?

கணக்கு எழுதித் தருபவர்: எனக்கு நேர் எதிர். விலை போட்ட பிறகு பேரம் நின்றது. கூப்பிடுபவர் முடிவு செய்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்.

உள் அலங்கார வேலை செய்பவர்: இருவருக்கும் பக்கத்துக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று சொல்ல முடியும். எனக்கு அப்படி இல்லையே?

மொழிபெயர்ப்பாளருக்கு முதலில். பேசிச் சம்மதிக்க வைக்கும் திறமையை மதிக்கிறேன். ஆனால் உங்கள் கணக்கில் கூப்பிட்டவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். விலை தெரியாததால், கேட்கக் கூச்சப்பட்டு, அடுத்த தளத்துக்குப் போனவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். விலை எழுதாத இடத்தில் “நமக்குக் கட்டுப்படியாகாது” என்று தானாக முடிவு செய்பவர்கள் நிறைய. அதோடு, வேலை குறையாமல் வீண் அழைப்பு பாதியானது என்றால் அது எனக்கு லாபமாகத்தான் தெரிகிறது.

உள் அலங்காரத்துக்கு ஒற்றை விலை முடியாது, சரி. தொடக்க விலையையும், விலையை ஏற்றுவது எது என்பதையும் எழுதுங்கள்: “சமையலறை அலமாரி வேலை இவ்வளவிலிருந்து தொடங்கும். இதில் பலகையும் பொருத்தும் கூலியும் அடக்கம். பலகையின் வகை, இழுப்பறைகளின் எண்ணிக்கை, பழைய வேலையைப் பிரிக்க வேண்டுமா என்பவற்றைப் பொறுத்து விலை மாறும்.” இதைப் படித்தவர் தன் சமையலறையை மனதில் வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். உங்களை அழைக்கும்போது பலகை வகை பற்றித்தான் பேசுவார். தொடக்க விலை நிஜமாகச் செய்து கொடுக்கும் விலையாக இருக்க வேண்டும். ஆளை இழுக்கப் போட்ட விலை என்று தெரிந்தால் மற்ற எதையும் நம்பமாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர்: தொடக்க விலை என்றால் எனக்கும் சம்மதம். முழுப் பட்டியல் போடமாட்டேன்.

நியாயம்தான்.

துணி விற்பவர்: இரண்டு முகப்பு செய்து, எதில் அதிகம் வாங்குகிறார்கள் என்று சோதிக்கலாமா?

உங்கள் அளவுக்கு வேண்டாம். நூற்றுக்கு 2 பேர் வாங்கும் தளத்தில், அது 2.4 ஆனதா என்று நம்பிச் சொல்ல, ஒவ்வொரு முகப்பையும் சுமார் 20,000 பேர் பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாக, உங்கள் தளத்தைப் பார்த்திராத ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து ஒரு பொருளை வாங்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து, எங்கே விரல் நிற்கிறது என்று பாருங்கள். உதவி செய்யாமல் இருப்பதுதான் கடினம்.

புகைப்படக் கலைஞர்: வேர்ட்பிரஸ்...

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். டொமைன் மட்டும் பாருங்கள்.

பயிற்சி வகுப்பு நடத்துபவர்: படிவம் அனுப்பியவருக்கு என்ன காட்ட வேண்டும்?

“நன்றி” மட்டும் போதாது. யார், எப்போது, எந்த எண்ணிலிருந்து அழைப்பார்கள் என்று எழுதுங்கள். அந்த நேரத்தில் அழையுங்கள். உங்கள் முந்தைய கேள்விக்கு நான் சொல்ல விட்டது ஒன்று: படிவம் உங்களுக்கு வந்து சேர்கிறதா? நீங்களே ஒன்றை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள், நீங்கள் தேடும் வாடிக்கையாளர்கள் சிலர் அங்கே இருக்கலாம்.