ஏற்றத்தில் திக்கும் பழைய கொரோலா: பில்டரை நானே மாற்றலாமா?

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார்: "அப்பாவின் கே.ஈ.70 கொரோலாவை இப்போது நான் ஓட்டுகிறேன். டவுனுக்குள் ஒரு குறையும் இல்லை. நுவரெலியா பக்கம் ஏறினால் நானுஓயா வருவதற்குள் இழுவை போய் எஞ்சின் திக்குகிறது. ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி ஏறுகிறது. 2022இல் பெற்றோல் இல்லாமல் பல மாதம் வெளியிலேயே நின்ற வண்டி. கராஜில் கார்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் பெற்றோல் பில்டரை நானே மாற்றிப் பார்க்கலாமா?"

தாராளமாக மாற்றலாம். கார்பரேட்டரில் மட்டும் இப்போதைக்குக் கை வைக்க விடாதீர்கள்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான விஷயம் அந்த ஐந்து நிமிடம்தான். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்பரேட்டர். அதற்குள் பெற்றோல் தேங்கி நிற்க ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. டவுனில் எஞ்சின் குடிப்பது கொஞ்சம்; பில்டர் பாதி அடைத்திருந்தாலும் கிண்ணம் நிரம்பிக்கொண்டே இருக்கும். ஏற்றத்தில் எக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிக்கும்போது வருவதைவிடச் செலவாவது அதிகம். கிண்ணம் மெல்ல வற்றுகிறது, எஞ்சின் திக்குகிறது. நிறுத்தினால் பில்டர் தாளில் அப்பிய அழுக்கு சற்று உதிர்கிறது; மறுபடி ஸ்டார்ட் செய்ததும் கிண்ணம் நிரம்பி, இன்னும் கொஞ்ச தூரம் போகிறீர்கள்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எண்பது வீதம்தான், ஆகவே எந்த கார்பரேட்டர் எஞ்சினும் அங்கே கொஞ்சம் சோர்ந்துதான் ஓடும். ஆனால் அந்தச் சோர்வு ஒரே சீராக இருக்கும். திக்காது, ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தாலும் தீராது.

பில்டர் வாங்கப் போவதற்கு முன் காசில்லாத ஒரு சோதனை. அடுத்த முறை வண்டி திக்கி நின்றதும் இறங்கிப்போய் பெற்றோல் டேங்கி மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே வண்டியும் சரியானால் குற்றம் மூடியில். அதில் காற்று போகும் சின்ன வழி அடைத்திருந்தால் டேங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி பெற்றோலைப் பிடித்து வைத்துவிடும். இதைப் பார்க்காமல் பம்பு வரைக்கும் மாற்றியவர்களைக் கண்டிருக்கிறேன். குளிர்ந்த விடியற்காலையிலும் இதே கதைதானா என்றும் கவனியுங்கள். ஆமென்றால், சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகிறது என்ற சந்தேகத்தை விட்டுவிடலாம்.

சரி, இனி பில்டர். பொனட்டைத் திறந்தால் பெற்றோல் பம்புக்குப் போகும் ரப்பர் குழாயின் நடுவில் கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மடிப்பு மடிப்பாகத் தாள். புதியது வாங்கும்போது குழாயின் அளவைப் பாருங்கள். 6 மில்லிமீற்றரும் உண்டு, 8 மில்லிமீற்றரும் உண்டு. பழையதைக் கழற்றிவிட்டால் வண்டி கடைக்குப் போகாது என்பதால் போனில் படம் எடுத்து, அளந்துகொண்டு போங்கள். குழாயும் வெடித்திருக்கும், பெற்றோலுக்கென்றே விற்கும் குழாய் ஒரு மீற்றர், நான்கு கிளிப் சேர்த்தே வாங்கிவிடுங்கள். மீன் தொட்டிக்குப் போடும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். சில மாதத்தில் விறைத்து வெடிக்கும்.

நம் ஊரில் வண்டியை எப்படி நிறுத்துவது என்பதுதான் பெரிய விஷயம். தட்டையான இடம் எங்கே இருக்கிறது? சரிவில்தான் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் மூக்கு மேட்டைப் பார்த்து இருக்கட்டும். இந்தக் காரில் டேங்கி பின்னால் இருக்கிறது; மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் டேங்கி மேலே, நீங்கள் கீழே. ஹட்டனில் வேலை பழகிய முதல் வருடம் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. குழாயை இழுத்ததும் பெற்றோல் சட்டைக் கைக்குள் புகுந்து முழங்கை வழியாக ஓடியது. விரலால் அடைத்துக்கொண்டு, ஆள் வரும்வரை கத்திக்கொண்டே நின்றேன்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். டேங்கி மூடியை ஒருமுறை திறந்து மூடினால் உள்ளே இருக்கும் அழுத்தம் போய்விடும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். வீட்டோடு ஒட்டிய மூடிய கொட்டகையில், பக்கத்தில் அடுப்பு எரியும்போது இந்த வேலை கூடவே கூடாது. திறந்த வெளியில் செய்யுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கிளிப்பைத் தளர்த்திக் குழாயைத் திருகித் திருகிக் கழற்ற வேண்டும். இறுகிப்போயிருந்தால் பலங்கொண்டு இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் மூக்கு உடையும். குழாயை எப்படியும் மாற்றப் போகிறீர்கள். பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிடலாம். புதிய பில்டரில் உள்ள அம்புக்குறி பம்பு இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும், டேங்கிப் பக்கம் அல்ல. கிளிப்புக்குப் பதில் கம்பி சுற்றுவது நம் ஊர்ப் பழக்கம். பம்பு உறிஞ்சும் பக்கத்தில் அது பெற்றோலை ஒழுக விடாவிட்டாலும் காற்றை உள்ளே விடும், பிறகு அந்தத் திக்கலுக்குக் காரணம் தேடி அலைவீர்கள்.

பெட்டரியை மாட்டி, பத்துப் பத்து செக்கனாக விட்டு விட்டு ஸ்டார்ட் அடியுங்கள். பிடித்ததும் ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். நனைந்தால் உடனே நிறுத்திவிட்டு கிளிப்பை இறுக்குங்கள். புதிய பில்டர் பாதிதான் நிரம்பியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். தாள் நனைந்திருந்தால் போதும்.

அப்புறம், பழைய பில்டரை எறிந்துவிடாதீர்கள். டேங்கிப் பக்கத்து மூக்கைக் கீழே பிடித்து ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் தட்டிப் பாருங்கள். கறுப்புத் துணுக்கு வந்தால் ரப்பர் குழாய் உள்ளே உரிகிறது. அடியில் முத்து முத்தாகத் தனியே உருண்டால் தண்ணீர். செம்மண் மாதிரி பொடி வந்தால் டேங்கித் துரு. உங்கள் வண்டியில் துரு வரும் என்றுதான் நினைக்கிறேன். பாதி காலியான டேங்கியோடு பனியிலும் மூடுபனியிலும் மாதக்கணக்கில் நின்றால், உள்ளே வந்த ஈரக் காற்று இரவில் மேல் தகட்டில் வியர்த்து ஒழுகும். 2022இல் அப்படி நின்ற வண்டிகளில் இதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

துரு என்றால் புதிய பில்டரும் சீக்கிரம் அடைக்கும். டேங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டிவரும். அந்த வேலையை ஒரு நல்ல கராஜ் பாஸிடம் விடுங்கள். ஓட்டை தெரிந்தால் "காலி டேங்கிதானே, வெல்டிங் வைக்கிறேன்" என்று சொல்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். காலி டேங்கிக்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கிறது.

பில்டர் மாற்றியும் திக்கல் தீரவில்லையென்றால் அடுத்தது பம்பு. எஞ்சின் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெற்றோல் வாடை பலமாக அடித்தால் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்து பெற்றோல் ஒயிலில் கலக்கிறது. அந்த ஒயிலோடு ஓட்டாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கார் இ.எஃப்.ஐ., அதாவது கார்பரேட்டர் இல்லாமல் பெற்றோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் வகை என்றால் இந்த முறை பொருந்தாது. அதில் பெற்றோல் குழாய் மிகுந்த அழுத்தத்தில் இருக்கும், அழுத்தத்தை இறக்காமல் கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். இந்தப் பிளாஸ்டிக் பில்டரும் அதற்கு ஆகாது.

ஆசிரியர் தம்பி, பில்டர் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்றை டேஷ்போர்டுக்குள் போட்டு வைத்தால், டேங்கி கழுவும்வரை நடுவழியில் நிற்க வேண்டியிருக்காது.