ஆஸியா, டியோவா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிளாக் சபாத் ராக் குழுவின் முதல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மறைந்தபோது நீங்கள் எழுதிய அஞ்சலியில் ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையின் ஆதிக்குரல் அவருடையது என்று சொல்லியிருந்தீர்கள். எங்கள் நண்பர் வட்டத்தில் அது பெரிய சண்டையைக் கிளப்பிவிட்டது. ஆஸிக்குப் பாடவே தெரியாது, பிளாக் சபாத்துக்கு வாய்த்த ஒரே பாடகர் ரானி ஜேம்ஸ் டியோதான் என்கிறார் ஒருவர். இன்னொருவர் யாருக்கு எத்தனை ஸ்தாயி என்ற பட்டியலைக் காட்டி, கன்ஸ் அண்ட் ரோஸஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸுக்குத்தான் முதலிடம் என்கிறார். இறந்தவர் மேலுள்ள பாசத்தில் எழுதிவிட்டீர்களா? பாடகர்களை ஒப்பிட ஏதாவது அளவுகோல் உண்டா?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே,

பாசம் உண்டு. ஆனால் அந்த வரியை அவர் உயிரோடிருந்தபோதும் எழுதியிருப்பேன்.

முதலில் ஸ்தாயிக் கணக்கை முடித்துவிடுகிறேன். 2014இல் பரவிய அந்தப் பட்டியல், ஒவ்வொருவரும் பதிவுசெய்த ஆகத் தாழ்ந்த ஒலியையும் ஆக உயர்ந்த ஒலியையும் எடுத்து இடைவெளியை அளந்தது. ஒரு பாட்டின் ஓரத்தில் முனகியதும் இன்னொரு பாட்டின் முடிவில் கீச்சிட்டதும் அதில் கணக்கில் வந்துவிடும். இடையில் அவர் என்ன பாடினார் என்பது வராது. குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்கு நான்கு ஸ்தாயி என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2016இல் அவர் குரலை ஆராய்ந்து வெளியான கட்டுரையால் அதை உறுதிசெய்ய முடியவில்லை. அந்த ஆய்வு கண்டது வேறு. ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது அவர் குரல் வினாடிக்கு ஏறத்தாழ 7 முறை அதிர்கிறது. இது பிற பாடகர்களிடம் வழக்கமாகக் காணும் வேகத்தைவிட அதிகம். ஒரே வரியில் அவரை நாம் அடையாளம் கண்டுகொள்வதில் அந்த அதிர்வுக்குப் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஆஸி, டியோ விவாதத்துக்கு வருகிறேன். இதில் வேறெந்த ரசிகர் சண்டையிலும் கிடைக்காத வசதி ஒன்று இருக்கிறது. 1979இல் பிளாக் சபாத் ஆஸியை வெளியேற்றியது, டியோ வந்தார். 1982இன் கடைசி மாதங்களிலிருந்து அடுத்த ஜனவரிக்குள் இரண்டு மேடைப் பதிவுகள் வெளிவந்தன. டியோ பாடிய சபாத்தின் ‘லைவ் ஈவில்’ ஒன்று. ஆஸி தன் சொந்தக் குழுவுடன் நியூயார்க்கின் ரிட்ஸ் அரங்கில் முழுக்க முழுக்கப் பழைய சபாத் பாடல்களையே பாடிய ‘ஸ்பீக் ஆஃப் த டெவில்’ மற்றொன்று. இரண்டிலும் ஆறு பாடல்கள் பொது. ஒரே ஆண்டு, ஒரே பாடல்கள், இரண்டு தொண்டைகள்! உங்கள் நண்பர்கள் இதை அடுத்தடுத்துக் கேட்டிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

குழுவின் பெயரையே தாங்கிய ‘பிளாக் சபாத்’ பாடலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே சுரங்கள்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து பிரதி மத்தியமத்துக்கு ஓர் இறக்கம். அந்த மத்தியமம் எங்கும் போய் இளைப்பாறாமல் அப்படியே தொங்குகிறது. பிறகு சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமியின் கிட்டார் தணிய, என் முன்னால் நிற்பது என்ன என்று குரல் கேட்கிறது. டியோ இதை அற்புதமாகப் பாடுகிறார். சொற்களுக்கு உறுமல் ஏற்றுகிறார், வரியின் முடிவை வளைக்கிறார், எங்கே பொங்கவேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அங்கேதான் எனக்குப் பாட்டு கைநழுவுகிறது. தெரிந்த கதையைத் தேர்ந்த கதைசொல்லி சொல்கிறார். நிற்பது என்னவென்று அவர் அறிவார். ஆஸியிடம் அலங்காரமே இல்லை. தட்டையாக, கொஞ்சம் மூக்கால், ஏறக்குறைய ஒரு பையனின் குரலில் கேட்கிறார். கடவுளை உதவிக்கு அழைக்கும் இடத்தில் அந்தக் குரல் இறுகிப்போகிறது. ரிட்ஸ் பதிவில் கிட்டார் ஐயோமியுடையது இல்லை; அந்த மார்ச் மாதம்தான் ஆஸி குழுவின் கிட்டாரிஸ்ட் ராண்டி ரோட்ஸ் விமான விபத்தில் இறந்திருந்தார், அவர் இடத்தில் பிராட் கில்லிஸ் வாசிக்கிறார். அப்படியிருந்தும் பயம் ஆஸியின் பதிவில்தான் இருக்கிறது.

பாடத் தெரியாதவர் என்பவர்கள் அந்தக் குரல் எங்கே நிற்கிறது என்று கவனிக்கவேண்டும். ஐயோமி பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர். 1971இன் மூன்றாவது ஆல்பத்தில் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை ஒன்றரைத் தொனி இறக்கினார். கிட்டாரும் பேஸும் கீழே சேறாகக் குழைகின்றன. அதற்குள் கனத்த, செழிப்பான குரல் ஒன்றை விட்டால் மூழ்கிப்போகும். ஆஸியின் மெல்லிய கூர்மையான குரல் மேலே தனியாக நின்று வெட்டிக்கொண்டு வருகிறது. ‘அயர்ன் மேன்’ பாடலில் அவர் கிட்டாரின் ரிஃபையே, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுரவரிசையையே, சுரம் பிசகாமல் பின்தொடர்கிறார். அதைக் கற்பனை வறட்சி என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன், ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. இரும்பு மனிதனின் நடையை வாயால் சொல்ல வேறு வழி இல்லை.

இனி டியோவின் பக்கம். சிறுவயதில் டிரம்பெட் வாசித்துப் பெற்ற மூச்சுப் பயிற்சிதான் தன் குரலுக்கு அடித்தளம் என்று அவரே சொல்லியிருக்கிறார். முறையான குரல்பயிற்சி எடுத்துக்கொண்டதில்லை. 1980இன் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ பாடலைக் கேளுங்கள். சரணம் தொடங்கியதும் கிட்டார் ஒதுங்கிக்கொள்கிறது. கீஸர் பட்லரின் பேஸும் பில் வார்டின் டிரம்ஸும் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, மிச்ச இடம் முழுக்க டியோவுக்கு. முந்தைய பத்தாண்டில் ஐயோமி இப்படிப் பாடகருக்காக இடம்விட்ட பாடல்கள் மிகக் குறைவு. ரிஃபைத் தொடராமல் அதன் குறுக்கே பாடும் ஒருவர் வந்ததும் அவருடைய பாடல் கட்டுமானமே மாறிவிட்டது. ஆகவே என் தீர்ப்பு இதுதான்: டியோ ஆஸியைவிடப் பெரிய பாடகர், சந்தேகமே இல்லை. ஆனால் முதல் நான்கு ஆல்பங்களில் ஒரு பாட்டைக்கூட நான் அவருக்குக் கொடுக்கமாட்டேன். ‘ஹெவன் அண்ட் ஹெல்’ பாடலை ஆஸிக்கும் கொடுக்கமாட்டேன். எந்தப் பாட்டுக்கு என்று கேட்காமல் சிறந்த பாடகர் யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டை உங்கள் நண்பர்கள் பேச்சில் இழுக்கவே இல்லையா? இவர்கள் இருவரின் இடத்திலும் நின்று சபாத்துக்குப் பாடியவர் அவர். 1992 நவம்பரில், அப்போது மீண்டும் சபாத்தில் இருந்த டியோ, ஆஸியின் கச்சேரிக்கு முன்னோட்டமாக மேடையேற மறுத்தபோது கலிஃபோர்னியாவில் இரண்டு இரவுகள். 2004இல், ஆஸிக்கு உடல்நலம் குன்றியபோது நியூ ஜெர்சியில் ஓர் இரவு. தொழில்நுட்பம் என்று பார்த்தால் மூவரில் ஹால்ஃபோர்டின் உச்சஸ்தாயிக்கு ஈடில்லை. ஆனாலும் அவர் குரலின் முழு விரிவு தெரிவது ப்ரீஸ்டின் இரட்டைக் கிட்டார்களுக்கு மேலேதான்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே, சபாத்தின் பழைய நால்வரும் (ஆஸி, ஐயோமி, பட்லர், வார்ட்) சேர்ந்து வாசித்த நான்கு பாடல்களும், இரண்டு மேடைப் பதிவுகளுக்கும் பொது என்று நான் சொன்ன அந்த ஆறில் அடக்கம். பார்க்கின்ஸன் நோயால் நிற்கமுடியாமல் நாற்காலியில் அமர்ந்து ஆஸி பாடினார். பதினேழு நாட்களில் இறந்தார். சுருதி நழுவிய இடங்களை உங்கள் நண்பர் சுட்டிக்காட்டலாம். நானும் கேட்டேன். ‘வார் பிக்ஸ்’ அப்போதும் அவருடையதாகவே இருந்தது.

டியோதான் ஒரே பாடகர் என்கிற நண்பருக்கு ஒரு வேலை கொடுங்கள். டோனி மார்ட்டின் ஐந்து ஸ்டூடியோ ஆல்பங்களில் சபாத்துக்காகப் பாடியிருக்கிறார். இந்தச் சண்டையில் அவர் பெயரை யாரும் எடுப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். 1989இன் ‘ஹெட்லெஸ் கிராஸ்’ ஆல்பத்தை, முக்கியமாக அந்தத் தலைப்புப் பாடலை, அந்த நண்பர் கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.