மிங்கச்செவிர்: அணைக்காகப் பிறந்த ஊர் – கேள்வி பதில்

அஜர்பைஜானின் மிங்கச்செவிர் நகரம் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: இது பழைய ஊரா, சோவியத் காலத்தில் கட்டிய ஊரா?

இரண்டும்தான், பழைய தடயங்களைப் பின்னால் பார்ப்போம். இன்றைய நகரம் அணை வேலைக்காக எழுந்தது. தலைநகர் பாக்குவுக்கு மேற்கே ஏறக்குறைய 300 கி.மீ. தொலைவில், குரா ஆறு போஸ்தாக் மலையை அறுத்துக்கொண்டு வெளியேறும் இடுக்கில் 1945-ல் வேலை தொடங்கியது. 1948-ல் நகரத் தகுதி கிடைத்தது. வேலையாட்களில் ஜெர்மானியப் போர்க்கைதிகளும் உண்டு, அவர்களது கல்லறைத் தோட்டம் இப்போதும் அங்கே இருக்கிறது. இன்று சுமார் ஒரு லட்சம் பேர். பாக்கு, கஞ்சா, சும்காயித் ஆகிய நகரங்களுக்கு அடுத்த பெரிய நகரம் இதுதான்.

கேள்வி: 80 மீட்டர் அணையை வெறும் மண்ணால் எப்படி எழுப்பினார்கள்?

சேற்றைக் குழாயில் அனுப்பித்தான். மண்ணை நீரோடு கலக்கி, பம்பு வைத்துத் தள்ளி, அணையின் இரு ஓரங்களிலும் திறந்துவிடுவார்கள். கனமான சரளையும் மணலும் ஓரத்திலேயே விழுந்துவிடும். நுண்ணிய களிமண் நடுவே ஓடிப்போய்ப் படிந்து, நீர் கசியாத சுவராகும். அவசரம் கூடாது. களிமண்ணுக்குள் சிக்கிய நீர் வடிவதற்குள் மேலே மேலே ஏற்றினால், உள்ளழுத்தம் கூடிச் சரிவு வழுக்கிவிடும். இந்த முறையின் பெரிய பலவீனம் அதுவே.

கேள்வி: தோண்டும்போது புதையல் ஏதாவது?

பொன்னைவிடப் பெரியது. நீர் ஏறுமுன் 1946 முதல் 1953 வரை அகழாய்வு நடந்தது. நாம் முதுமக்கள் தாழி என்போமே, அதுபோன்ற தாழி அடக்கங்கள், நிலவறைக் கல்லறைகள், ஒரு தேவாலயத்தின் எச்சம். அத்தோடு காகசஸ் அல்பேனிய எழுத்து பொறித்த கல்லும் கிடைத்தது. (இது இப்பகுதியில் இருந்த பண்டைய நாடு. பால்கன் அல்பேனியாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பெயர் மட்டுமே ஒன்று.) 52 எழுத்து கொண்ட அந்த நெடுங்கணக்கு 1937-ல் ஓர் ஆர்மீனியச் சுவடியில் அகப்பட்டிருந்தது. ஆனால் நீண்ட வாசகம் இல்லாமல் மொழியைப் படிப்பது எப்படி? 1990-களில் எகிப்தின் சினாய் மடத்தில் சுரண்டி மேலெழுதிய தோல் ஏடுகளுக்கு அடியில் இதே எழுத்து தென்பட்ட பிறகே வழி திறந்தது. அஜர்பைஜானின் நிஜ் கிராமத்தில் வாழும் உதி மக்களின் பேச்சு அம்மொழிக்கு நெருங்கிய உறவு.

கேள்வி: அணையால் லாபமா நட்டமா?

1953-ல் உருவான நீர்த்தேக்கம் 605 சதுர கி.மீ. குராவின் வசந்தகால வெள்ளம் அடங்கியது. மேல் கராபாக், மேல் ஷிர்வான் கால்வாய்கள் பாசனத்துக்கு நீர் கொண்டுபோகின்றன. 6 டர்பைன்கள், 400 மெகாவாட்டுக்குச் சற்று மேல். இழப்பு மீனுக்கு: முட்டையிட ஆற்றின் மேலே ஏறும் ஸ்டர்ஜனுக்கு வழி அடைபட்டது. அணை இருந்தும் வறட்சிக்கு முழு மருந்தில்லை. 2020 கோடையில் ஆறு மெலிந்தபோது காஸ்பியன் உப்புநீர் கழிமுகம் வழியே உள்ளே ஏறியது.

கேள்வி: 2018-ல் நாடே இருண்டதே, அது இந்த அணையாலா?

இல்லை. பக்கத்திலுள்ள அனல்மின் நிலையத்தில் ஜூலை 3-ல் நேர்ந்த விபத்து. தலா 300 மெகாவாட் கொண்ட 8 அலகுகள், மொத்தம் 2400. கடும் வெயிலில் குளிர்சாதனங்கள் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்த நேரம். இவ்வளவு பெரிய நிலையம் சட்டென்று விலகினால் மற்றவற்றின் மேல் சுமை விழும், மின்னோட்டத்தின் அலைவெண் இறங்கும், அவையும் தற்காப்புக்காக ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும்.

கேள்வி: இப்போது அங்கே என்ன பிழைப்பு?

மின்சாரம்தான் முதுகெலும்பு. பருத்தி நூற்பாலைகளும் வந்திருக்கின்றன. ஊருக்குள் குரா அமைதியாக ஓடுவதால் துடுப்புப் படகுக்குப் பேர்பெற்ற இடம். 2015 ஐரோப்பிய விளையாட்டுகளின் கனூ, கயாக் போட்டிகள் இங்கேதான் நடந்தன.