கொம்பில் கீறப்பட்ட ஆண்டை நம்பலாமா?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் பழம்பொருள் ஏலமொன்றில் ஒரு மாட்டுக் கொம்பை வாங்கினேன். அதில் ஓர் ஆறு, கரையோரக் கோட்டைகள், சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச சின்னம், ஒருவரின் பெயர், 1756 என்ற ஆண்டு ஆகியவை கீறப்பட்டுள்ளன. இதன் பூர்வீகத்தை எப்படி உறுதிசெய்வது?

பதில்: 1754 முதல் 1763 வரை வட அமெரிக்காவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரில் வீரர்கள் தோளில் மாட்டிச் சென்ற வெடிமருந்துக் கொம்பின் சாயல் இதில் தெரிகிறது. ஹட்சன், மோஹாக் ஆறுகளையும் அவற்றின் கோட்டைகளையும் வரைவது அப்பகுதிக் கொம்புகளில் பரவலாகக் காணப்படும் வழக்கம். ஸ்காட்லாந்துக் கொம்புகளோ தட்டையாக அழுத்தப்பட்டு, பின்னல் கோலங்களோடு இருக்கும்.

ஆயினும் பெயரையும் ஆண்டையும் கடைசியாகப் பாருங்கள். பழைய வெற்றுக் கொம்புகளில் பிற்காலத்தில் படம் கீறி விற்பது இத்துறையில் தெரிந்த மோசடி. அத்தகைய பொருளில் கொம்பும் அதன் மர அடைப்பும் உண்மையாகவே பழையவை என்பதால், அவற்றின் பழமை எதையும் நிரூபிக்காது. பூதக்கண்ணாடியால் கீறல்களையே ஆராய வேண்டும். உடலோடு உரசிய பக்கத்தில் கோடுகள் தேய்ந்தும் மறுபக்கத்தில் சற்றுத் தெளிவாகவும் இருப்பது இயல்பு. எங்கும் ஒரே கூர்மை இருந்தால் ஐயப்படலாம். விரிசலோ பூச்சி அரித்த குழியோ கோட்டைத் துண்டித்திருந்தால் கோடு முந்தையது. கோடு குழியின் விளிம்பில் தயங்கி விலகினாலோ, அதன் கரிய மை விரிசலுக்குள் கசிந்திருந்தாலோ கோடு பிந்தையது.

அடுத்து, வரைந்தவற்றை வரலாற்றோடு ஒப்பிடுங்கள். ஸ்டான்விக்ஸ் கோட்டை 1758-இல்தான் கட்டப்பட்டது. அது உங்கள் கொம்பில் இருந்தால், வீரரே பின்னாளில் சேர்த்திருக்கக்கூடும் என்றாலும், அந்தக் கோடுகள் 1756-ஐச் சேர்ந்தவையல்ல. பிரிட்டிஷ் அரச சின்னத்தில் 1801 வரை பிரெஞ்சு அல்லி மலர்கள் இடம்பெற்றிருந்தன. கைப்பழக்கமில்லாத வீரர் அவற்றை விட்டிருக்கலாம் என்பதால் அவை இல்லாமை தீர்ப்பாகாது. ஆனால் 1801-க்குப் பிந்தைய அமைப்பு நுணுக்கமாக வரையப்பட்டிருந்தால், அது பிற்காலத்தில் கீறப்பட்டதே என்பதில் ஐயமே வேண்டாம்.

பெயரை அக்காலப் படைப்பட்டியல்களில் தேடலாம். அச்சில் வந்த பட்டியல்கள் மோசடிக்காரருக்கும் கிடைக்கும் என்பதால் பெயர் பொருந்துவது துணைச்சான்று மட்டுமே. அதைவிட வலுவான தடயம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரூஃபஸ் கிரைடர் என்ற ஓவியர் நூற்றுக்கணக்கான கொம்புகளைப் பார்த்து வரைந்த ஓவியங்களில் கிடைக்கலாம்; அவை நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் உள்ளன.

சூடான ஊசியால் குத்திப் பார்ப்பதையும் எண்ணெய் தடவுவதையும் தவிர்த்து, பக்கவாட்டு ஒளியில் எடுத்த படங்களை டைகாண்டரோகா கோட்டை அருங்காட்சியகம் போன்ற, இவ்வகைக் கொம்புகளைத் திரட்டி வைத்திருக்கும் இடத்துக்கு முதலில் அனுப்புங்கள்.